பழைய மாதிரி டிரேட் கன் (தோல் வியாபாரக் காலத்துத் துப்பாக்கி) வாங்க மூன்று கிடைத்திருக்கிறது, எதை எடுக்கலாம்? உதவுங்கள்

வடக்குவாசி:
வணக்கம். நான் இருப்பது கனடாவில் தண்டர் பே. இங்கே ஃபோர்ட் வில்லியம் வரலாற்றுப் பூங்காவில் 1816-ல் இருந்த தோல் வியாபாரக் கோட்டையைத் திரும்பக் கட்டி வைத்திருக்கிறார்கள். கோடையில் போய்ப் போய்ப் பார்த்து எனக்கும் ஆசை பிடித்துவிட்டது. அந்தக் கால உடையில் போய் நிற்கவும், கிளப்பில் காகித இலக்கைச் சுடவும் கல் உரசும் பொறியில் மருந்து பற்றும் ஒரு ஃபிளின்ட்லாக் துப்பாக்கி வேண்டும், வேட்டைக்கு இல்லை. கையில் மூன்று இருக்கிறது. ஒன்று, இத்தாலியில் செய்த புதுசு, 20 கேஜ் (குழல் துளையின் அளவு), 36 அங்குலக் குழல். இரண்டு, இந்தியாவில் செய்த நீளமான பிரெஞ்சு ஃபியூசில் துப்பாக்கி, கிட்டத்தட்ட பாதி விலை, ஆனால் டச் ஹோல் (தீ குழலுக்குள் போகும் சின்னத் துளை) போடாமல்தான் வருமாம், நாமே துளைத்துக்கொள்ள வேண்டுமாம். மூன்று, பக்கத்து ஊர்ப் பெரியவர் ஒருவர் கிட் (பாகங்களின் தொகுப்பு) வாங்கித் தானே செய்த நார்த்வெஸ்ட் கன் (தோல் வியாபாரிகள் முதற்குடி மக்களுக்கு விற்ற வகை), 24 கேஜ். மனசு அதில்தான் இருக்கிறது, ஆனால் பத்துத் தடவை விசையை இழுத்தால் மூன்று தடவைதான் பொறி வருகிறது. என்னிடம் துப்பாக்கி லைசென்ஸும் இல்லை, அது வேறு கவலை.

பழந்துவக்கு:
தம்பி, லைசென்ஸ் கவலையை முதலில் விடுங்கோ. கனடாச் சட்டப்படி ஃபிளின்ட்லாக் நீளத் துவக்கின் நகல் இன்று செய்ததாக இருந்தாலும் பழம்பொருள் கணக்கில்தான் வரும், லைசென்ஸ் தேவையில்லை. அதே துவக்கைக் கேப் லாக்காக (கல்லுக்குப் பதில் சின்ன வெடிமூடியால் பற்றுவது) தந்தால் லைசென்ஸ் வேணும், விற்கிறவர் மாற்றித் தலையில் கட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கோ.

அடுத்தது, வருஷத்தைப் பிடியுங்கோ. 1816 என்றால் நார்த்வெஸ்ட் கன்தான் பொருத்தம். பிரெஞ்சு ஃபியூசில் மொன்றியல் பிரிட்டிஷ்காரர் கைக்குப் போன 1760-க்கு முந்தின காலத்துப் பொருள். பிறகும் ஆட்கள் வைத்திருந்திருப்பார்கள்தான், ஆனால் கோட்டை வாசலில் நிற்கிற உங்களிடம் எவராவது கட்டாயம் கேட்பார். நார்த்வெஸ்ட் கன்னில் லாக்குக்கு (பொறி உண்டாக்குகிற பாகம்) எதிர்ப்பக்கம் ஒரு பித்தளைப் பாம்பு இருக்கவேணும், அது இல்லாவிட்டால் முதற்குடி மக்கள் வாங்கவே மாட்டார்களாம். விசையைச் சுற்றின வளையமும் பெரிசு.

அப்புறம், துவக்கின் உயரத்துக்குப் பீவர் தோலை அடுக்கி விலை கொடுத்தார்கள் என்று ஒரு கதை சொல்லுவார்கள். நம்பாதேங்கோ, விலைப்பட்டியல் எழுதி வைத்து விற்ற வியாபாரம் அது.

குளிர்கை:
கட்டையின் பளபளப்பில் மயங்காதீர்கள், நீங்கள் வாங்குவது லாக்கை. கல், ஃபிரிசன் என்ற எஃகுத் தகட்டின் மேல் பாதியில் பட்டு, கீழே வரைக்கும் சுரண்டிக்கொண்டு வர வேண்டும். நடுவில் ஒரே இடத்தில் குத்தினால் பொறி, பற்றவைக்கும் மருந்து இருக்கும் கிண்ணத்தில் விழாது. ஃபிரிசனின் ஓரத்தில் சின்ன அரத்தை லேசாக இழுத்துப் பாருங்கள். வழுக்கினால் எஃகு கெட்டியாக இருக்கிறது, கடித்தால் மென்மை, அப்படியென்றால் திரும்பக் காய்ச்சிப் பதம் ஏற்ற வேண்டும். பெரியவர் கல்லைத் தோல்துண்டில் சுற்றிக் கவ்வ வைத்திருக்கிறாரா, வெறும் இரும்பிலா? கல்லைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டாலே படும் உயரம் மாறும், காசு செலவில்லாத வைத்தியம்.

இந்திய நகலைப் பற்றி ஒரு வார்த்தை. அதை அலங்காரப் பொருள் என்று சொல்லி விற்பதால்தான் துளை போடுவதில்லை. சுடச் சோதித்ததற்கு முத்திரை ஏதும் இல்லாத குழலில் நானாகத் துளை போட்டு முகத்துக்குப் பக்கத்தில் வைத்துச் சுட மாட்டேன். நன்றாகச் சுடுகிறது என்பவர்களும் உண்டு, அது அவர்கள் முகம். இத்தாலியில் சோதனைச்சாலை முத்திரை இல்லாமல் குழல் வெளியே வராது.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று: பெரியவர் துப்பாக்கியின் குழலுக்குள் கெட்டிக்கோலை (மருந்தையும் குண்டையும் உள்ளே தள்ளும் கோல்) விட்டுப் பார்த்தீர்களா? விட்டு, வாயில் விரலால் அடையாளம் பிடித்து, வெளியே எடுத்துக் குழலின் மேல் வைத்தால் நுனி டச் ஹோல் வரைக்கும் வர வேண்டும். வரவில்லை என்றால் உள்ளே ஏதோ இருக்கிறது.

வடக்குவாசி:
நேற்று போனேன். கை இன்னும் நடுங்குகிறது. கோல் டச் ஹோலுக்கு இரண்டு அங்குலம் முன்னாலேயே நின்றுவிட்டது! பெரியவர் முகம் வெளுத்துப்போனது, எப்போதோ கெட்டித்து மறந்துவிட்டிருக்கிறார். அதன் எதிரில்தான் நான் பத்துத் தடவை பொறி பறக்கவிட்டேன். டச் ஹோலில் கம்பியே நுழையவில்லை, பழைய கரியும் துருவும் சேர்ந்து அடைத்திருந்தது. அந்த அடைப்புதான் காப்பாற்றியிருக்கிறது.

கிளப்பில் மூத்தவர் ஒருவர் குழலில் தண்ணீர் ஊற்றி வைத்து, மறுநாள் திருகு முனையை ஈயத்தில் ஏற்றிக் குண்டை இழுத்தெடுத்தார். பின்னால் கறுப்புக் கூழாக மருந்து வந்தது.

லாக் நன்றாக இருக்கிறது, அரம் வழுக்கியது. கல் மழுங்கிப்போய், தோல் இல்லாமல், கோணலாக இருந்தது. புதுக் கல்லைத் தோலில் சுற்றித் திருப்பிப் போட்டதும் பத்துக்கு ஒன்பது பொறி. இப்போது வாங்கலாமா?

குளிர்கை:
அடப்பாவமே. பொறியைப் பார்த்துச் சந்தோஷப்படாதீர்கள், குழலின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். அழுக்கோடு வருஷக்கணக்கில் கிடந்தது, உள்ளே குழி விழுந்திருக்கும். போர்ஸ்கோப் (குழலுக்குள் பார்க்கும் கருவி) வைத்திருப்பவரைப் பிடியுங்கள். ஆழமான குழிகள் இருந்தால் சும்மா கொடுத்தாலும் சுடுவதற்கு எடுக்காதீர்கள்.

பழந்துவக்கு:
அவர் சொல்றது சரி. இன்னொன்று, எது எடுத்தாலும் உண்மையான கருமருந்துதான் போடவேணும். குழலுக்கு இரண்டு எஃப் பருவட்டு, கிண்ணத்துக்கு நாலு எஃப் மாவட்டு (எஃப் கூடக்கூட மருந்து நைசாகும்). பைரோடெக்ஸ் போன்ற மாற்று மருந்து தீப்பிடிக்கக் கூடுதல் சூடு கேட்கும், ஃபிளின்ட்லாக்கில் கிண்ணம் மட்டும் புஸ்ஸென்று எரிந்து நிற்கும். புகையில்லா மருந்தை நினைக்கவே வேண்டாம், குழல் வெடித்துவிடும்.

வடக்குவாசி:
பார்த்தாயிற்று. அடியில் இரண்டு அங்குலத்துக்கு அம்மைத் தழும்பு மாதிரி குழிகள். மனசு கேட்கவில்லை, ஆனாலும் விட்டுவிட்டேன். இத்தாலிக்காரனுக்கு முன்பணம் கொடுத்தாயிற்று. பெரியவர் அந்தத் துப்பாக்கியைச் சுவரில் மாட்டப்போகிறாராம். வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லியும் கேட்காமல் ஒரு டப்பா நிறையக் கறுப்புக் கல்லை என் கையில் திணித்துவிட்டார், எல்லாம் இங்கிலாந்தின் பிராண்டன் ஊர்க் கல்லாம். இனி அடுத்த சந்தேகம்: 20 கேஜுக்கு 0.595 அங்குலக் குண்டா, 0.600-ஆ?

பழந்துவக்கு:
முதலில் குழலை அளந்து பாருங்கோ தம்பி. 0.615 வந்தால் 0.595-ஐத் தடித்த துணியோடு போட்டுத் தொடங்குங்கோ.