மறு: 'சாட்டே பேன்': 'நிமிர்சட்டி' என்று சொல்லலாமா?

குழுவினருக்கு வணக்கம். தட்டை அடியும் நேர்ச்சுவரும் கொண்ட 'சாட்டே பேன்' (sauté pan) என்னும் சமையல் சட்டிக்குத் தமிழ்ப்பெயர் தேடுகிறோம். அதற்கு ஒருவர் எழுதியது:

> வதக்கத்தானே அந்தப் பாத்திரம்? 'வதக்குச்சட்டி' போதும். இல்லையென்றால் 'ஆழ்வாணலி'.

ஐயா, இரண்டு சொற்களையும் ஒரு வாரமாக அடுப்படியில் சொல்லிப் பார்த்தேன். ஒட்டவில்லை. வதக்காத சட்டி எது? மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் வீடுகளில் குவாலியில் (உருண்டை அடி வாணலியில்) வதக்குகிறோம், மண்சட்டியில் வதக்குகிறோம், அவசரத்துக்குத் தோசைக்கல்லிலும் வதக்குகிறோம். எல்லாவற்றுக்கும் பொருந்தும் பெயர் எதையும் பிரித்துக் காட்டாது. 'ஆழ்' இன்னும் சிக்கல். இந்தச் சட்டியின் உயரம் பெரும்பாலும் 5 முதல் 7 செ.மீ.தான். குடும்பத்துக்குச் சமைக்கும் குவாலியின் நடுக்குழி அதைவிட ஆழமாக இருக்கும்.

'துள்ளுசட்டி' என்று எழுதிய அக்காவுக்கு: பிரெஞ்சு மூலத்துக்குத் துள்ளுவது என்றுதான் பொருள், உண்மை. ஆனால் சட்டியை உலுக்கிக் காயைத் துள்ளவிட, சாய்ந்த சுவருள்ள பேன்தான் வாகு. நேர்ச்சுவரில் காய் முட்டி நின்றுவிடும். பிரெஞ்சுச் சொல்லின் வேரைத் தமிழுக்குத் தூக்கிவருவதால் சமைப்பவருக்கு என்ன பயன்? சிங்கப்பூர் நா. கோவிந்தசாமி தந்த 'இணையம்' நிலைத்தது ஆங்கில மூலத்தைத் துண்டு துண்டாகப் பெயர்த்ததால் அல்ல. பொருளைப் பார்த்துப் பிறந்ததால்தான்.

நான் முன்வைக்கும் சொல் என்னுடையது அல்ல, அம்மாவுடையது. அம்மா தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) விறகடுப்பில் சமைத்தவர். மூன்று கல்லுக்கு நடுவே குவாலியின் உருண்டை அடி அப்படியே உட்காரும், தீ சுற்றிலும் ஏறும். டவுன் வீட்டுக்கு வந்து, தட்டையான மின்னடுப்பில் அதே குவாலியை வைத்தார். கோழி பெரட்டல் பாதி வெந்த நேரம், கரண்டி பட்டதும் குவாலி ஒரு பக்கம் சாய்ந்து, கொதிக்கும் மசாலா அவர் புறங்கையில் கொட்டியது. அதன் பிறகுதான் 28 செ.மீ. சாட்டே பேன் ஒன்று வாங்கி வந்தேன். அட்டைப் பெட்டியிலிருந்து எடுத்து, விளிம்பில் விரலை ஓட்டி அம்மா சொன்னது: "இது நல்லா நிமிந்த சட்டியா இருக்கே."

நிமிர்ந்த சுவர். இந்தச் சட்டியின் வேலையெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. வாய் 28 செ.மீ. என்றால் அடியும் ஏறக்குறைய அவ்வளவு, சுமார் 616 சதுர செ.மீ. சுவர் சாய்ந்து இறங்கி அடி 21 செ.மீ. ஆகிவிட்டால் மிஞ்சுவது 346தான். அந்த வித்தியாசத்தில்தான் கோழித்துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் ஒரே வரிசையில் படுத்துச் சிவக்கின்றன. நெருக்கிப் போட்டால் விடும் நீரிலேயே வெந்து வெளுத்துப்போகும். 7 செ.மீ. சுவர் விளிம்புவரை நான்கு லிட்டருக்குச் சற்று மேல் பிடிக்கும், ஆகவே அதிலேயே தண்ணீர் ஊற்றி, மூடி, வேகவைத்து, பிறகு மூடியை எடுத்துச் சுண்டவிடலாம். வதக்கல், வேகல், சுண்டல் மூன்றும் ஒரே சட்டியில்.

துண்டைப் போட்டதும் கிளறக் கூடாது. சிவந்ததும் தானாக அடியை விட்டு வரும். அடியில் ஒட்டியிருக்கும் பழுப்புக் காந்தலில் தக்காளியோ புளித்தண்ணீரோ ஊற்றிச் சுரண்டினால் கறியின் சுவையே அங்கேதான். ஆனால் கறுத்துவிட்டால் கசக்கும். ஒட்டாப் பூச்சுள்ள சட்டியில் இந்தக் காந்தல் சரியாகப் பிடிக்காது, வெறும் சட்டியாக அதைக் காயவைக்கவும் கூடாது. எவர்சில்வரில் நடுவே அலுமினியம் வைத்த கனத்த அடி வாங்குங்கள். அலுமினியம் சூட்டைப் பரப்பும், புளி அதைத் தொடாது. இண்டக்ஷன் அடுப்பென்றால் அடியில் காந்தம் ஒட்டுகிறதா என்று கடையிலேயே பாருங்கள். நிறைந்தால் கனம், ஆகவே கைப்பிடிக்கு எதிர்ப்பக்கம் தூக்கப் பிடிக்க ஒரு சிறு காது இருப்பது அவசியம்.

ஒரு குறையும் சொல்கிறேன். அடியும் சுவரும் சேரும் மூலையில் உருண்டைக் கரண்டி எட்டாது, மசாலா அங்கே பிடித்துக்கொள்ளும். தட்டை முனை மரக்கரண்டி வேண்டும். கறி தீர்ந்ததும் அதே சட்டியில் சோற்றைப் போட்டுப் பிரட்டித் துடைப்பது எங்கள் வீட்டு வழக்கம். அந்த மூலைச் சோற்றுக்குத்தான் பிள்ளைகள் சண்டை போடுகிறார்கள்.

சொல்லுக்கு வருகிறேன். 'நிமிர்சட்டி' வினைத்தொகை, ஆகவே வல்லினம் மிகாது, 'ஊறுகாய்' போல. 'வதக்குச்சட்டி'யில் 'ச்' மிகுகிறது; அதை ஆதரிப்பவர்கள் 'ஆட்டுக்கல்'லிலும் 'க்' மிகுகிறதே என்று கேட்கலாம். நியாயம், அந்தக் காரணத்தால் அதை நான் தள்ளவில்லை. நிமிர்சட்டியால் கிடைப்பது ஒரு குடும்பம்: சுவர் நேராக நின்றால் நிமிர்சட்டி, சரிந்தால் சாய்சட்டி, குவாலி குழிச்சட்டி. மூன்றையும் பார்த்தவுடன் பிரித்துச் சொல்லிவிடலாம்.

நம் சொற்பட்டியலில் இப்படிச் சேர்க்கலாம்:

நிமிர்சட்டி (பெயர்): தட்டை அடியும் நேர்ச்சுவரும் மூடியும் நீண்ட கைப்பிடியும் கொண்ட அகன்ற சமையல் சட்டி.

'சாய்சட்டி'யில்தான் எனக்கு ஐயம். சாய்ந்து விழும் சட்டி என்று கேட்பவர் நினைப்பாரோ? அம்மாவிடம் கேட்டேன், தன் புறங்கைத் தழும்பைப் பார்த்தார், பதில் சொல்லவில்லை. உங்கள் வீட்டு அடுப்படிகளிலும் கேட்டு எழுதுங்கள்.