டியூஷன் சென்டர் குரூப்பில் வந்த பட்டியல்

மலேசியாவில், பினாங்கின் ஜெலுத்தோங் பக்கம் ஒரு டியூஷன் சென்டரில் மகளைச் சேர்த்திருந்தோம். ஒருநாள் பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பில் எக்செல் பட்டியல் ஒன்று வந்தது. யார் கட்டணம் பாக்கி என்று தெரிவிக்கப் போட்டதாம். அதில் பிள்ளைகளின் முழுப்பெயர், ஐசி (அடையாள அட்டை) எண், வீட்டு முகவரி, அப்பா அம்மா கைப்பேசி எண் எல்லாமே இருந்தன.

உடனே போன் செய்தேன். நிர்வாகத்தைப் பார்க்கும் தங்கச்சி, "குரூப்ல எல்லாரும் நம்ம ஆளுங்கதானே அக்கா, இதுல என்ன பயம்?" என்றாள். அவளிடம் கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் பிள்ளைகளின் விவரங்களைக் கேட்டு வாங்குகிற ஓர் இடத்தில், அவற்றைக் காப்பது தங்கள் பொறுப்பு என்று யாருக்குமே தோன்றவில்லை என்பதுதான் என்னை உறுத்தியது.

நம் ஐசியின் 12 இலக்கங்கள் எவ்வளவு சொல்லிவிடும் என்று பாருங்கள். முதல் ஆறும் பிறந்த தேதி. அடுத்த இரண்டும் பிறந்த இடம்: பினாங்குக்கு 07, கோலாலம்பூருக்கு 14. கடைசி எண் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். கைப்பேசி எண் கசிந்தால் மாற்றிக்கொள்ளலாம், ஐசி எண்ணை அப்படி மாற்ற முடியுமா? 2017-ல் 4 கோடியே 62 லட்சம் கைப்பேசி எண்களின் விவரங்கள் ஐசி எண், முகவரியோடு வெளியே போனது நினைவிருக்கும். போலீஸ் என்று சொல்லி அழைக்கும் மோசடிக்காரன் நம் பெயரையும் ஐசி எண்ணையும் சரியாகச் சொன்னால் யாருக்குத்தான் கை நடுங்காது?

சரி, வாய்ப்பேச்சு போதாது என்று சென்டருக்குக் கடிதம் எழுதினேன். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010-ல் வந்தது, 2013 நவம்பர் 15 முதல் நடப்பில் இருக்கிறது. வியாபாரம் செய்யும் சிறிய சென்டரையும் அது கட்டுப்படுத்தும் (அரசாங்கத்துக்கு மட்டும் பொருந்தாது, எனக்கு அது பெரிய குறையாகவே படுகிறது). எதற்காக விவரம் வாங்குகிறோம் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும், தேவை முடிந்ததும் அழிக்க வேண்டும். திருத்தத்துக்குப் பிறகு அபராதம் 10 லட்சம் ரிங்கிட் வரை போகலாம். 2025 ஜூன் முதல், பெரிய பாதிப்பு தரக்கூடிய கசிவு என்றால் 72 மணி நேரத்துக்குள் தரவுப் பாதுகாப்பு ஆணையரிடம் தெரிவிக்க வேண்டும், பாதிக்கப்பட்டவர்களுக்கும் சொல்ல வேண்டும்.

மனம் இருந்தால் மாற்றுவது கஷ்டமே இல்லை. கோலாலம்பூர் செந்தூலில் அண்ணன் குடியிருக்கும் கொண்டோவில் (அடுக்குமாடிக் குடியிருப்பில்), முன்பு ஜாகா (வாசல் காவலாளி) நம் ஐசியை வாங்கி வைத்துக்கொள்வார். தனியார் காவலாளிக்கு அந்த அதிகாரமே கிடையாது. குடியிருப்பாளர்கள் கூட்டத்தில் பேசிய பிறகு, இப்போது கார் நம்பரும் போகிற வீட்டு நம்பரும் மட்டும் எழுதிக்கொள்கிறார்கள். காவல் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

டியூஷன் சென்டரிலும் பட்டியலை நீக்கிவிட்டார்கள், புதிய பாரத்தில் ஐசி எண் கேட்பதில்லை. அதற்கு நன்றி சொன்னேன். ஆனால் அந்தப் பட்டியலை ஏற்கனவே இறக்கி வைத்தவர்களிடம் அழிக்கச் சொல்லுங்கள், மற்ற பெற்றோருக்கு நடந்ததைத் தெரிவியுங்கள் என்று கேட்டதற்கு இன்னும் பதில் இல்லை. அதனால் இரண்டாவது கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன். உங்கள் பிள்ளைகள் போகும் இடத்திலும் இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள், என் கடிதத்தின் மாதிரியை அனுப்புகிறேன்.