ரசீதில் வரும் 'ரவுண்டிங் அட்ஜஸ்ட்மென்ட்': அந்த 2 காசு எங்கே போகிறது?

ஜெலுத்தோங் கணக்கர்:
இரண்டு நாளாக எல்லாக் குழுவிலும் ஒரே குரல் பதிவு சுற்றுகிறது. உணவக ரசீதின் அடியில் வரும் 'ரவுண்டிங் அட்ஜஸ்ட்மென்ட்' என்பது அரசாங்கம் நமக்குத் தெரியாமல் பிடுங்கும் வரியாம். கூடவே ஒரு ரசீதுப் படம். வாழை இலைச் சாப்பாடு 15.50, சேவை வரி 6 விழுக்காடு 0.93, ஆக 16.43, ரவுண்டிங் 0.02, கட்ட வேண்டியது 16.45. அதைப் பார்த்துவிட்டு நம் ஆட்கள் பொங்கு பொங்கென்று பொங்குகிறார்கள். பதிவு போட்ட மகானுபாவர் யாரோ தெரியாது, ஆனால் அவருக்குக் கூட்டல் கழித்தல் சொல்லிக் கொடுத்த வாத்தியாரை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

2008 ஏப்ரல் 1 முதல் உள்ள முறை இது. 1 சென் (ஒரு காசு) நாணயம் வெளியிடுவதை மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாரா நிறுத்தியது. கடையில் கட்டும் மொத்தத் தொகையைப் பக்கத்து 5 சென்னுக்குக் கொண்டு வரச் சொன்னது. கடைசி இலக்கம் 1, 2 என்றால் 0 ஆகும். 3, 4 என்றால் 5. 6, 7 வந்தாலும் 5. 8, 9 என்றால் 10. நாலு ஏறும், நாலு இறங்கும். வரி அந்த 93 சென்தான், அதற்கு மேல் ஒரு சென்னும் வரி இல்லை. இதற்கு மேல் யாருக்காவது விளக்கம் வேண்டுமா?

செந்தூல்காரன்:
வேண்டும். குரல் என்னுடையது இல்லை, ஆனால் அந்த ரசீது என்னுடையது. பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடையில் சாப்பிட்டேன், கடை பெயர் வேண்டாம். நான் தாள் காசே எடுக்கவில்லை, கியூஆரில் கட்டினேன். 16.43 என்று தட்டினால் 16.43 தான் போகும். கல்லாவில் இருந்த அக்கா '16.45 போடுங்க' என்றார். சில்லறை நாணயம் இல்லை என்பதற்காக வந்த முறை என்று நீங்களே சொல்கிறீர்கள். கைப்பேசிக்குள் சில்லறைத் தட்டுப்பாடு எப்போது வந்தது? அந்த 2 காசு எங்கே போச்சு?

ஜெலுத்தோங் கணக்கர்:
தம்பி, 2 சென்னுக்கா இவ்வளவு? நாலு ஏறும் நாலு இறங்கும் என்று எழுதியதைப் படித்தீர்களா? அதே கடையில் 8.50க்குச் சாப்பிட்டிருந்தால் வரியோடு 9.01, நீங்கள் கட்டுவது 9.00. கடைக்காரருக்கு 1 சென் நட்டம். 9.50 என்றால் 10.07, கட்டுவது 10.05. அவருக்கு 2 சென் நட்டம். அன்றைக்கு 'ஐயோ கடைக்காரர் ஏமாந்துவிட்டார்' என்று குரல் பதிவு போடுவீர்களா?

செந்தூல்காரன்:
நான் 9.50க்குச் சாப்பிடவில்லை. 15.50க்குச் சாப்பிட்டேன். கியூஆரில் கட்டினேன். 2 காசு எங்கே?

பட்டர்வொர்த் பாண்டி:
செந்தூல்காரருக்கு 2 காசு. எனக்கு அரை மணி நேரம் வர வேண்டியிருக்கிறது. 1982 ஜனவரி 1 பிறக்கும்போது நாட்டின் கடிகாரத்தையே அரை மணி நேரம் முன்னால் தள்ளினார்கள், அதுவும் அட்ஜஸ்ட்மென்ட்தானே? என் தூக்கத்தில் போன அந்த அரை மணி நேரத்துக்கு எந்த கவுன்டரில் போய் நிற்பது, கணக்கர் ஐயா சொன்னால் நன்றாக இருக்கும்.

ஜெலுத்தோங் கணக்கர்:
நாட்டின் கடிகாரம் இல்லை, தீபகற்பத்தின் கடிகாரம். சபா, சரவாக் ஏற்கெனவே அந்த நேரத்தில்தான் இருந்தன. கேலி செய்வதற்கும் கொஞ்சம் விவரம் வேண்டும் பாண்டி.

ஓய்வு வாத்தியார்:
நண்பர்களே, சண்டைக்கு முன்னால் சொல்லின் பொருளைப் பிரித்துக் கொள்ளலாமே. கணக்கில் வருவது சரிக்கட்டல். இயந்திரத்தில் செய்வது சீர்செய்தல். மனிதர்களுக்கிடையே நடப்பது விட்டுக்கொடுத்தல் அல்லது அனுசரித்தல். நான்கையும் ஒரே 'அட்ஜஸ்ட்மென்ட்' என்று சொல்லப் போய்த்தான்...

பட்டர்வொர்த் பாண்டி:
வாத்தியாரே, மூன்றுதான் சொன்னீர்கள். நாலாவதை யார் அட்ஜஸ்ட் பண்ணியது?

செந்தூல்காரன்:
நாலாவது நான் சொல்கிறேன். 'ஆளைச் சரிக்கட்டுவது.' சாலையில் நிறுத்தினால் 'அண்ணே, அட்ஜஸ்ட் பண்ணிக்கலாமா' என்று கேட்பது. என் 2 காசும் அந்த வகையில்தான் வருகிறது.

கல்லா தம்பி:
நான் மஸ்ஜித் இந்தியா பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடையில் கல்லாவில் இருக்கிறேன். எங்கள் மேல் கோபப்பட்டுப் பயனில்லை, நாங்கள் கையால் எதையும் போடுவதில்லை. மொத்தம் தட்டினாலே மெஷினில் ரவுண்டிங் தானாக வந்துவிடும். காசா, கார்டா, கியூஆரா என்று கேட்பதே அதற்குப் பிறகுதான். அதனால் எங்கள் மெஷினில் எல்லாவற்றுக்கும் ஒரே தொகை. இரவு கடை அடைக்கும்போது கடைசி ரிப்போர்ட் எடுப்போம், அதில் அன்றைய ரவுண்டிங் மொத்தம் தனி வரியாக இருக்கும். சில நாள் கூட நிற்கும், சில நாள் மைனஸில் நிற்கும், எப்படியும் ஒரு வெள்ளியை (ஒரு ரிங்கிட்டை) தொடாது. முதலாளி அந்த வரியைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். அவர் பார்ப்பதெல்லாம் கோழிக்கறி எத்தனை தட்டு போனது என்பதைத்தான்.

ஜெலுத்தோங் கணக்கர்:
கேட்டீர்களா? வேலை பார்ப்பவரே சொல்லிவிட்டார். கூடும், குறையும். நாலு ஏறும், நாலு இறங்கும்.

செந்தூல்காரன்:
நானும் கேட்டேன். 'காசா கியூஆரா என்று கேட்பதே அதற்குப் பிறகுதான்' என்றும் சொல்லியிருக்கிறார். அதைத்தானே நான் முதலிலிருந்து சொல்கிறேன்? உங்களுக்கு வேண்டிய பாதியை மட்டும் படிக்கிறீர்கள். கணக்கர்கள் எல்லோரும் இப்படித்தானா, இல்லை பினாங்குக்காரர்கள் மட்டுமா?

ஜெலுத்தோங் கணக்கர்:
பினாங்கை எதற்கு இழுக்கிறீர்கள்?

செந்தூல்காரன்:
ஏன் இழுக்கக் கூடாது? உங்கள் ஊர் நாசி கண்டார் (குழம்பு ஊற்றித் தரும் சோறு) கடையில் ரசீதே கிடையாது. தட்டை ஒரு பார்வை பார்ப்பார், 'பதினொன்று' என்பார். நேற்று அதே மீன், அதே வெண்டைக்காய், ஒன்பது. இன்று சட்டை இஸ்திரி போட்டிருந்தால் பதினொன்று. எங்களுக்கு இரண்டு காசு ரவுண்டிங், உங்களுக்கு இரண்டு வெள்ளி ரவுண்டிங். அதற்கு பேங்க் நெகாரா முறை எதுவும் இருக்கிறதா?

ஜெலுத்தோங் கணக்கர்:
நாசி கண்டாரைப் பற்றி கோலாலம்பூர்க்காரர் பேசுவதை இன்றைக்குத்தான் பார்க்கிறேன். உங்கள் ஊரில் குழம்பைக் கலந்து ஊற்றத் தெரியாமல் தனித்தனிக் கிண்ணத்தில் வைத்துக் காசு வாங்குகிறார்கள், அதைச் சாப்பிட்டுவிட்டு வந்து விலை பேசுகிறீர்கள். பார்வையில் விலை போடுவது அனுபவம். அந்த அண்ணன் சோற்றின் அளவு, குழம்பு, கோழியா மீனா இறாலா எல்லாம் பார்த்துத்தான் சொல்கிறார். என் வாழ்நாளில் ஒரு தடவையும் எனக்குத் தவறாகச் சொன்னதில்லை.

பட்டர்வொர்த் பாண்டி:
நீங்கள் கணக்கர் என்று முகத்திலேயே எழுதியிருக்கும், பயந்திருப்பார். எங்களுக்கெல்லாம் தவறாகத்தான் சொல்கிறார். ஃபெர்ரி ஏறிப் போய் ஏமாந்து வருகிறோம்.

மலர் செராஸ்:
ஆண்களெல்லாம் 2 காசுக்குச் சண்டை போடுவதைப் படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. கல்யாணம் ஆன அன்றிலிருந்து இந்தச் சொல்லை நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். மாமியார் வீட்டில் அட்ஜஸ்ட் பண்ணிப் போ. வேலை முடிந்து வந்தாலும் சமையலை அட்ஜஸ்ட் பண்ணு. நாத்தனார் பிள்ளைகளோடு வந்தால் உன் அறையை அட்ஜஸ்ட் பண்ணிக் கொடு. கணக்கர் ஐயா, உங்கள் சட்டப்படி நாலு ஏற வேண்டும், நாலு இறங்க வேண்டும். எங்கள் வீட்டில் எட்டும் என் பக்கமே இறங்குகிறது. அதற்கு ஒரு அட்டவணை போடுங்கள் பார்ப்போம்.

ஓய்வு வாத்தியார்:
இதைத்தான் அனுசரித்தல் என்றேன்.

மலர் செராஸ்:
வாத்தியார், நீங்கள் வேறு.

ஜெலுத்தோங் கணக்கர்:
மலர், உங்கள் வருத்தம் நியாயமாகவே இருக்கலாம், ஆனால் தலைப்பு அதுவல்ல. ஒருவர் தாத்தா காலத்துக் கடிகாரத்தைக் கொண்டு வருகிறார், ஒருவர் மாமியாரைக் கொண்டு வருகிறார். நான் சொன்னது ஒரே விஷயம். அது வரி அல்ல. வரி என்று சொன்னது பொய். இதையாவது ஒத்துக்கொள்கிறீர்களா இல்லையா?

செந்தூல்காரன்:
நான் வரி என்று சொல்லவே இல்லை. குரல் பதிவுக்காரர் சொன்னார், அவரிடம் போய்க் கேளுங்கள். நான் கேட்பது கியூஆர். இதோடு எத்தனை தடவை கேட்டேன் என்று எண்ணிப் பாருங்கள், எண்ணுவது உங்கள் தொழில்தானே. அப்புறம் உங்கள் நாலு ஏறும் நாலு இறங்கும் என்பது எல்லா இலக்கமும் சமமாக வந்தால்தான். கடையில் அதிகம் விற்பதே 15.50 சாப்பாடு என்றால், தனியாக வருகிறவன் ஒவ்வொருவனுக்கும் 16.43 தான், ஒவ்வொருவனும் 2 காசு ஏற்றித்தான் கட்டுவான். 5.50 போட்டால் 5.83, கட்டுவது 5.85. 8.80 போட்டால் 9.33, கட்டுவது 9.35. விலையை எங்கே வைத்தால் ஏறும் என்று கடைக்காரருக்குத் தெரியாதா?

ஜெலுத்தோங் கணக்கர்:
ஏறுகிற விலைகளாகப் பொறுக்கி எடுத்து வந்திருக்கிறீர்கள். 12.80க்கு 13.57, இறங்கி 13.55. 12.90க்கு 13.67, இறங்கி 13.65. நானும் இரவு முழுக்க எழுதுவேன். இலைச் சாப்பாட்டோடு யாராவது ஒரு மோர் கேட்டால், ஒரு பொரித்த மீன் கேட்டால் எல்லாம் மாறிவிடும். நால்வராகப் போய் ஒரே பில்லாகக் கட்டினால் நாலு பேருக்கும் ஒரே ஒரு ரவுண்டிங். மொத்தத்துக்குத்தான் ரவுண்டிங், ஒவ்வொரு பொருளுக்கும் அல்ல. இதற்காகவே ஒருவர் உட்கார்ந்து விலைப்பட்டியல் போடுவார் என்றால் அவர் கடை நடத்த வேண்டாம், ஆடிட்டராகப் போகலாம்.

பட்டர்வொர்த் பாண்டி:
இருக்கட்டும், வரி 8 விழுக்காடு என்றல்லவா ஏற்றினார்கள்? இந்த ரசீதில் 6 இருக்கிறதே. முதலில் ரசீதே உண்மையா?

ஜெலுத்தோங் கணக்கர்:
2024 மார்ச் 1 முதல் 8 ஆனது மற்ற பல சேவைகளுக்கு. உணவு, பானத்துக்கு 6 தான். அதுவும் ஆண்டு வியாபாரம் 15 லட்சம் ரிங்கிட்டைத் தாண்டி, பதிவு செய்த கடையில்தான். ரசீது உண்மை. ரசீதை வைத்துக்கொண்டு செய்யும் ஆர்ப்பாட்டம்தான் பொய்.

செந்தூல்காரன்:
நன்றி. என் ரசீதுக்கு நற்சான்றிதழ் கிடைத்துவிட்டது. 2 காசு இன்னும் கிடைக்கவில்லை.

வண்டி அட்ஜஸ்டர்:
எனக்கு இந்தத் தலைப்பைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது, என் வேலையே அட்ஜஸ்டர். காப்புறுதி இழப்பீட்டுக்காக விபத்தான வண்டியைப் போய்ப் பார்த்து, படம் எடுத்து, எவ்வளவு சேதம் என்று அறிக்கை எழுதுவது. இதில் யாரையும் சரிக்கட்டுவது கிடையாது என்பதைச் சொல்லிக்கொள்கிறேன்.

பட்டர்வொர்த் பாண்டி:
வாங்க வாங்க, உங்களைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். என் வண்டியின் முன்பக்கம் நொறுங்கிப் போய், பட்டறைக்காரன் சொன்ன விலையில் பாதியை வெட்டியது உங்கள் இனம்தான். புது விளக்கு போட்டதற்கு என் கையிலிருந்து வேறு கட்டினேன்.

வண்டி அட்ஜஸ்டர்:
அது பெட்டர்மென்ட். பழைய வண்டிக்குப் புது உதிரிப் பாகம் போட்டால், வண்டியின் வயதைப் பொறுத்து ஒரு பங்கு உரிமையாளர் தர வேண்டும். 10 வருடமும் அதற்கு மேலும் என்றால் 40 விழுக்காடு வரை போகும். அது பாலிசியிலேயே இருக்கும், நான் கண்டுபிடித்தது இல்லை. உங்கள் வண்டி எந்த வருடத்தது?

பட்டர்வொர்த் பாண்டி:
வண்டியின் வயதைப் பொது இடத்தில் கேட்காதீர்கள்.

செந்தூல்காரன்:
எல்லாவற்றுக்கும் ஒரு பெயர் வைத்துவிடுகிறார்கள் பாருங்கள். ரவுண்டிங், பெட்டர்மென்ட். 2025 ஜூலையிலிருந்து மின்கட்டணத்தில் எரிபொருள் அட்ஜஸ்ட்மென்ட் வேறு, மாதா மாதம் மாறும். பெயர் அழகாக இருந்தால் காசு நம் பையிலிருந்து போகிறது என்று அர்த்தம்.

ஜெலுத்தோங் கணக்கர்:
அந்த மின்கட்டண அட்ஜஸ்ட்மென்ட் இறங்கவும் செய்யும், தள்ளுபடியாகவும் வரும். வீடுகளில் மாதம் 600 கிலோவாட் மணிக்குள் இருந்தால் அது உங்களைத் தொடவே தொடாது. பாதி தெரிந்துகொண்டு பேசுவதே உங்கள் வழக்கமாகிவிட்டது. போன வருடம் வடை விலை விவாதத்திலும் இதே கதைதான், உளுந்து எங்கிருந்து வருகிறது என்றுகூடத் தெரியாமல் இருநூறு பதில் எழுதினீர்கள்.

செந்தூல்காரன்:
வடையை எடுத்தீர்கள், சரி. அப்படியானால் நானும் எடுக்கிறேன். நாம் இருவரும் இருந்த அந்தச் சங்கத்தின் தீபாவளி விருந்துக் கணக்கில், கடைசிப் பக்கத்தில், 'இதர சரிக்கட்டல் 340 வெள்ளி' என்று ஒரு வரி இருந்ததே. கணக்கு எழுதியது யார்? அங்கே நாலு ஏறி நாலு இறங்கியதா, இல்லை 340ம் ஒரேயடியாக ஏறியதா?

ஓய்வு வாத்தியார்:
சரிக்கட்டல் என்ற சொல்லை அங்கே பயன்படுத்தியது முறைதான்.

ஜெலுத்தோங் கணக்கர்:
அது பந்தல்காரருக்குக் கொடுத்த முன்பணம், ரசீது பின்னால் வந்தது. கூட்டத்தில் விளக்கம் சொல்லியாகிவிட்டது. நீங்கள் கூட்டத்துக்கு வரவில்லை. பிரியாணிக்கு மட்டும் வந்தீர்கள்.

செந்தூல்காரன்:
பிரியாணிக்கு டிக்கெட் வாங்கித்தான் வந்தேன்.

மலர் செராஸ்:
அந்த விருந்துக்கு நானும் வந்திருந்தேன். பெண்களுக்குச் சாப்பாடு கடைசிப் பந்தி. பிரியாணியில் கறி தீர்ந்துவிட்டது, அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க அக்கா என்றார்கள். சொன்னது யார் என்று இங்கே எழுதட்டுமா கணக்கர் ஐயா?

ஜெலுத்தோங் கணக்கர்:
கறி வாங்கிய கமிட்டி வேறு. நான் கணக்கு மட்டும்தான். 2008 முறையின் முழு அட்டவணையை நாளை காலை ஒவ்வொரு இலக்கமாக எழுதிப் போடுகிறேன், சந்தேகம் உள்ளவர்கள் அதில் கேளுங்கள்.

செந்தூல்காரன்:
போடுங்கள். அதில் கியூஆருக்கு ஒரு கட்டம் இருக்கட்டும். 340க்கும் ஒன்று.