பிரித்தானியாவில் இ.எஸ்.ஏ., பிப் என்ற அரசு உதவிப் பணங்களை எடுத்துக்கொண்டு தமிழ்ப் பள்ளியில் படிப்பிக்கலாமா? பகுதிநேர வேலைக்குப் போகலாமா?

ஹரோ_மலர்:
எல்லாருக்கும் வணக்கம். வயது 44. மூட்டுவாதம் கூடியதால் கணக்கு வேலையை விட்டுவிட்டேன். இப்போது நியூ ஸ்டைல் இ.எஸ்.ஏ. (நோயால் வேலை செய்ய முடியாதவருக்கான உதவி) வருகிறது, வேலை தேடச் சொல்லாத சப்போர்ட் குரூப்பில் வைத்திருக்கிறார்கள். பிப்பும் (உடல் இயலாமைக்கான உதவி) தனியாக வருகிறது.

பக்கத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆசிரியர் இல்லையாம். சனிக்கிழமை இரண்டு மணித்தியாலம் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கக் கேட்கிறார்கள். சம்பளம் இல்லை, பஸ் காசு மட்டும். இன்னொரு பக்கம், என்னோடு முன்பு வேலை செய்தவர் இப்போது சொந்தமாக அலுவலகம் வைத்திருக்கிறார். வீட்டிலிருந்தபடி கிழமைக்கு 10 மணித்தியாலம் கணக்குப் பதிவு செய்து தர முடியுமா, மணிக்கு 13.50 பவுண் தருகிறேன் என்கிறார். ஒத்துவந்தால் 15 மணித்தியாலம்வரை தரலாமாம்.

இரண்டுக்கும் ஆசையாக இருக்கிறது. ஆனால் வாசலில் அரசாங்கக் கடிதம் வரும் பழுப்பு உறை விழுந்தாலே நெஞ்சு பதறுகிறது. இதனால் எல்லாம் நின்றுவிடுமா?

ஈஸ்ட்ஹாம்_தம்பி:
அக்கா, தொடாதீர்கள். என் அத்தானுக்கு இப்படித்தான் நடந்தது. தமையனின் கடையில் கல்லாவில் சும்மா நின்றார், ஒரு சதம் வாங்கவில்லை. யாரோ அறிவித்துவிட்டார்கள். விசாரணை வந்து காசை நிறுத்திவிட்டார்கள். நன்றாக இருப்பதைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

வாசுகி_ஆலோசனை:
மலர், நான் இலவச ஆலோசனை நிலையம் ஒன்றில் இந்தப் படிவங்களோடுதான் நாளெல்லாம் இருக்கிறேன். பயந்து வீட்டுக்குள்ளேயே இருந்துவிடும் நம் ஆட்களைப் பார்க்கும்போது மனம் தாங்குவதில்லை. உங்களுக்கு இரண்டும் முடியும், ஒழுங்காகச் செய்தால்.

முதலில் பிப். அது வருமானம் பார்த்துத் தருவது இல்லை. முழுநேர வேலை செய்பவர்களும் வாங்குகிறார்கள். உடுப்புப் போட, சமைக்க, நடக்க உங்களுக்கு எவ்வளவு உதவி தேவை என்பதுதான் அங்கே கேள்வி. அந்தத் தேவை கூடினாலோ குறைந்தாலோ அறிவிக்க வேண்டும். மறுமதிப்பீட்டில் வேலையைப் பற்றிக் கேட்பார்கள், அதனால் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்பதை இப்போதே எழுதி வையுங்கள். கை வீங்கி எழும்பிய காலைகள், பாதியில் நிறுத்திய நாட்கள், அடுத்த நாள் படுக்கையில் கிடந்தது, எல்லாம். "வேலை செய்கிறேன்" என்ற ஒரு வரி மட்டும் கோப்பில் இருந்தால் அது உங்களுக்கு எதிராகப் பேசும்.

இ.எஸ்.ஏ. வேறு. அங்கே 'பெர்மிட்டட் வேர்க்' என்று ஒரு விதி இருக்கிறது. கிழமைக்கு 16 மணித்தியாலத்துக்குக் குறைவாக வேலை செய்யலாம், 2025-26 கணக்கில் 195.50 பவுண்வரை உழைக்கலாம். இது 2025 ஏப்ரலில் இருந்து வந்த தொகை, அதற்கு முன் 183.50 ஆக இருந்தது. எல்லைக்குள் இருந்தால் இ.எஸ்.ஏ.யில் ஒரு பென்னியும் வெட்டமாட்டார்கள்.

இங்கேதான் கவனம் வேண்டும். 10 மணித்தியாலம் என்றால் உங்களுக்கு 135 பவுண், பிரச்சினை இல்லை. 15 மணித்தியாலம் என்றால் 202.50. நேரம் எல்லைக்குள் இருக்கிறது, 2025-26 கணக்கில் காசு தாண்டிவிட்டது! கூடுதலான ஏழு பவுணை மட்டும் கழிப்பார்கள் என்று நினைத்துவிடாதீர்கள், இ.எஸ்.ஏ.யே போய்விடும். 14 மணித்தியாலத்தோடு நிறுத்தினால் 189. சம்பளம் கூட்டித் தருகிறேன் என்றாலும் முதலில் பெருக்கிப் பாருங்கள்.

தொடங்குவதற்கு முன்பே டி.டபிள்யூ.பி.க்கு (இந்த உதவிகளைத் தரும் அரசுத் திணைக்களம்) சொல்லி, இந்த வேலைக்கான பி.டபிள்யூ.1 படிவத்தை நிரப்பி அனுப்புங்கள். போனில் சொன்னால் மட்டும் போதாது. பிரதி எடுத்து வையுங்கள், அனுப்பிய ரசீதையும் வையுங்கள். வாடகைக்கோ கவுன்சில் டாக்ஸுக்கோ (உள்ளூராட்சி வரி) உதவி எடுத்தால் கவுன்சிலுக்கும் தனியாக அறிவிக்க வேண்டும்.

தம்பி, உங்கள் அத்தானின் கதை வேறு. உறவினரின் கடையில் நிற்பதைத் தொண்டு என்று எடுக்கமாட்டார்கள். வேறு ஆளை வைத்தால் சம்பளம் கொடுக்க வேண்டிய இடம் அது. நீங்கள் வாங்காவிட்டாலும், வாங்கியதாகக் கணக்குப் பார்க்க அவர்களுக்கு வழி இருக்கிறது. தமிழ்ப் பள்ளி பதிவு செய்த தொண்டு நிறுவனமாக இருந்தால் நிலைமை வேறு.

ஹரோ_மலர்:
வாசுகி அக்கா, மிக்க நன்றி. பள்ளி பதிவு செய்ததுதான். அப்போ சனிக்கிழமையின் இரண்டு மணித்தியாலமும் 16-க்குள் சேருமா? "ஒரு வகுப்பைச் சமாளிக்கிறவருக்கு ஏன் இ.எஸ்.ஏ.?" என்று கேட்டால்?

வாசுகி_ஆலோசனை:
சேராது. சம்பளமில்லாத தொண்டு அந்தக் கணக்கில் வராது. ஆனால் அதையும் அறிவித்துவிடுங்கள். பஸ் காசு போன்ற உண்மையான செலவை வாங்கலாம், டிக்கெட்டை வைத்திருங்கள். பல பள்ளிகளில் ஆண்டு விழாவன்று ஆசிரியர்களுக்கு உறைக்குள் 50, 100 என்று வைத்துக் கொடுப்பார்கள். அதை வாங்காதீர்கள். அன்பாகக் கொடுப்பதுதான், ஆனால் செலவுக்கு மேல் கை நீட்டி வாங்கினால் அது தொண்டு இல்லை, ஊதியம் என்று பார்க்க இடம் கொடுத்ததாகிவிடும். மாலையும் சான்றிதழும் போதும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

நீங்கள் கேட்டது நியாயமான பயம். அதிபரிடம் ஒரு கடிதம் வாங்குங்கள்: கதிரையில் இருந்தே படிப்பிக்கிறார், பலகையில் எழுத உதவியாளர் இருக்கிறார், வர முடியாத நாளில் வேறு ஆள் பார்ப்பார் என்று. அப்படித்தான் நடக்க வேண்டும் என்பதும் முக்கியம்.

குறொய்டன்_சிவா:
இடையில் நுழைகிறேன். என் மனைவிக்கு யூனிவர்சல் கிரெடிட் (குறைந்த வருமானத்துக்கான அரசு உதவி), எல்.சி.டபிள்யூ.ஆர்.ஏ.யோடு (நோயால் வேலை செய்ய முடியாதவர் என்ற பிரிவு). வாடகைப் பணமும் அதிலேயே வருகிறது. அவருக்கும் 16 மணித்தியாலம்தானா?

வாசுகி_ஆலோசனை:
இல்லை, யூனிவர்சல் கிரெடிட்டில் அந்த எல்லை கிடையாது. சம்பளத்தைப் பார்த்துப் படிப்படியாகக் குறைப்பார்கள். வாடகை உதவியும் சேர்ந்து வந்தால் 2025-26இல் மாதம் 411 பவுண்வரை தொடமாட்டார்கள், வாடகை உதவி இல்லாவிட்டால் 684. அதற்கு மேல் வரும் ஒவ்வொரு பவுணுக்கும் 55 பென்ஸ் வெட்டு. மாதம் 611 சம்பளம் கைக்கு வந்தால் 200-க்குத்தான் வெட்டு, அதாவது கிரெடிட்டில் 110 குறையும். மொத்தத்தில் 501 அவருக்குக் கூடும். இருவரும் ஒரே விண்ணப்பத்தில் இருந்தால் உங்கள் சம்பளமும் சேர்ந்துதான் கணக்கு.

மலர், இன்னொன்று விட்டுப்போனது. சம்பள வேலை தொடங்கினால் 'அக்சஸ் டு வேர்க்' உதவிக்கு விண்ணப்பியுங்கள். கைக்கு ஏற்ற விசைப்பலகை, கதிரை, குரலால் தட்டச்சிடும் மென்பொருள் எல்லாவற்றுக்கும் அதில் கேட்கலாம். தொண்டு வேலைக்குக் கிடைக்காது.

ஹரோ_மலர்:
சரி அக்கா. 10 மணித்தியாலத்தோடு தொடங்குகிறேன். படிவத்தைத் தரவிறக்கிவிட்டேன். திங்கட்கிழமை பிரதி எடுத்து அனுப்பியபிறகுதான் அவருக்கு 'ஓம்' சொல்லுவேன்.