கைப்பேசியின் துணையால் தேவாரம் ஓதுவது வழிபாட்டை ஆழப்படுத்துமா?

தென்கரையான்

அடியார்களுக்கு வணக்கம். வேலையின் பொருட்டு வடஇந்திய நகரம் ஒன்றில் வாழும் நான், காலைதோறும் கைப்பேசியை வைத்துக்கொண்டு தேவாரம் ஓதி வருகிறேன். தருமபுரம் ஆதீனத்தின் இணையதளத்தில் பாடலும் உரையும் கிடைக்கின்றன, தருமபுரம் ப. சுவாமிநாதன் அவர்களின் ஒலிப்பதிவைக் கேட்டுப் பாடலுக்குரிய பண் என்னும் பழந்தமிழ் இசையமைப்பையும் ஒருவாறு பிடித்துக்கொள்கிறேன். சுருதிக்கு ஒரு செயலி, நேரத்தை நினைவூட்ட இன்னொன்று. இவை இல்லையென்றால் நான் ஓதத் தொடங்கியிருக்கவே மாட்டேன். ஆனால் அந்த நினைவூட்டும் செயலி, இடைவிடாமல் எத்தனை நாள் ஓதினேன் என்று எண்ணிக் காட்டுவதால், இறைவனை நினைப்பதைவிட அந்தக் கணக்கு அறுந்துவிடக் கூடாதே என்ற கவலையே சில நாள்களில் மேலோங்கிவிடுகிறது. இக்கருவிகள் வழிபாட்டை உண்மையிலேயே ஆழப்படுத்துமா, அல்லது ஓதி முடித்தோம் என்ற நிறைவை மட்டும் தருமா?

கொள்ளிடத்தான்

எண்ணிக் காட்டும் செயலியை இன்றே நீக்கிவிடுங்கள், ஐயா. அதைப் பற்றி மேலும் பேச ஒன்றுமில்லை.

ஒலிப்பதிவைப் பற்றித்தான் பேச வேண்டும். சிதம்பரத்தில் பூட்டிய அறையில் கறையான் அரித்துக் கிடந்த தேவார ஏடுகளைச் சோழ மன்னர் நம்பியாண்டார் நம்பியின் துணையால் மீட்டதைத் திருமுறைகண்ட புராணம் கூறுகிறது. பலரும் கதையை அத்துடன் நிறுத்திவிடுகிறார்கள். ஏடு கிடைத்த பிறகும் பண் தெரியாமல் நின்றார்கள் என்பதும், எருக்கத்தம்புலியூரில் திருநீலகண்ட யாழ்ப்பாணரின் மரபில் வந்த ஒரு பெண்மணியின் வாயிலாகவே பண்களை வகுத்துக்கொண்டார்கள் என்பதும் அதே நூலில் உள்ளவை. ஏட்டால் காக்க முடியாத இசையை இன்று ஒலிப்பதிவு காக்கிறது. இது சிறிய பேறன்று. ஆயினும் அது பாடுமே தவிர, நீங்கள் பாடுவதைக் கேட்காது. கூற்றாயினவாறு எனத் தொடங்கும் திருவதிகைப் பதிகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கொல்லிப் பண்ணில் அமைந்த அதை இன்று நவரோசு இராகத்தில் பாடுகிறோம். மந்தரப் பஞ்சமம் என்னும் கீழ்ச்சுரம் வரை இறங்கும் இராகமாதலால், தமக்கு ஒவ்வாத சுருதியில் பாடுபவருக்குக் கீழ்ச்சுரங்கள் தொண்டையிலேயே அமுங்கிவிடும். அமுங்கியது அவருக்குத் தெரியவும் தெரியாது. எதிரில், கோயிலில் தேவாரம் பாடும் ஓதுவார் ஒருவர் இருந்தால், முதல் அடியிலேயே நிறுத்திச் சுருதியை அரைக்கட்டை உயர்த்தச் சொல்லியிருப்பார்.

நெய்விளக்கு

ஐயா கற்பதைப் பற்றிக் கூறினார்; கேட்டவரோ வழிபாட்டைப் பற்றிக் கேட்டார். எங்கள் ஊர்ச் சிவன் கோயிலில் பொத்தானை அழுத்தினால் மணியும் முரசும் தாமாக அடிக்கும் இயந்திரம் இருக்கிறது, வழிபாட்டில் பாடும் ஐந்து திருமுறைப் பாடல்களான பஞ்சபுராணமும் ஒலிபெருக்கியில்தான். ஓதுவாருக்கு ஊதியம் கொடுக்க வழியில்லாததால் வந்த ஏற்பாடு என்பதை அறிவேன். இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் எனப்பட்ட தேவாரத்தைப் பாட 48 பேரையும், உடுக்கையும் கொட்டிமத்தளமும் வாசிக்க இருவரையும் அமர்த்தி, ஆளுக்கு நாள்தோறும் முக்குறுணி நெல் அளக்கச் செய்த காலத்தோடு இதை ஒப்பிடுவது வீண். எனக்குள்ள வருத்தம் வேறு. ஒலிபெருக்கி வருவதற்கு முன்பு, சுருதி சேராவிட்டாலும் ஊர்ப் பெரியவர்கள் நாலைந்து பேர் வாய்விட்டுப் பாடுவார்கள். இன்று அவ்வளவு நல்ல குரலுக்கு முன்னால் ஒருவரும் வாய் திறப்பதில்லை.

பண்சுமந்தான்

இணையவழியில் திருமுறை கற்பிப்பவன் என்ற முறையில் சில சொல்கிறேன். காணொளி அழைப்பில் குரல் சற்றுத் தாமதித்தே போய்ச் சேர்வதால் இருவர் சேர்ந்து பாட இயலாது. ஆசிரியர் ஓர் அடியைப் பாட, மாணவர் அதைத் திருப்பிப் பாட வேண்டியதுதான். கற்பதற்கு இது குறையன்று, பழைய முறையும் அதுவே. சேர்ந்து ஓதும் இன்பம்தான் இதில் கிடைப்பதில்லை. இன்னொன்று, இவ்வழைப்புச் செயலிகள் தம்புராவின் இடையறாத ஒலியை இரைச்சல் என்று கருதி அழித்துவிடும்; நீட்டிப் பிடிக்கும் சுரங்களையும் சில வேளை நறுக்கிவிடும். அமைப்புகளுக்குள் சென்று இரைச்சல் நீக்கத்தை அணைத்துவிடுங்கள். வாரம் ஒரு பாடலை மனப்பாடம் செய்யுங்கள். மனப்பாடமான பாடலை ஓதும்போது கைப்பேசி அடுத்த அறையில் இருக்கட்டும். அடுத்த அடி வருமா என்ற அச்சம் நீங்கிய பிறகே பொருளில் மனம் தங்கும்.

தென்கரையான்

மிக்க நன்றி. செயலியை நீக்கிவிட்டேன். ஆறாம் திருமுறையின் திருத்தாண்டகங்களையும் ஒலிப்பதிவு கேட்டே கற்கலாமா?

பண்சுமந்தான்

கேளுங்கள், ஆனால் அப்படியே பின்பற்ற வேண்டாம். தாண்டகத்தைத் தாளமின்றிப் பாடுவதால், எங்கே நிறுத்துவது என்பதைப் பாடுபவரின் மூச்சும் பொருளுணர்வும் முடிவு செய்கின்றன. பதிவையே பின்பற்றினால் அவருடைய மூச்சுக்கு நீங்கள் பாடுவீர்கள். முதலில் உரையைப் படித்துச் சொற்களைப் பிரித்து எழுதிக்கொண்டு, இசையின்றி உரக்கப் படியுங்கள். நிறுத்துமிடங்கள் உறுதியான பின்பு பதிவைக் கேட்கலாம்.