64-11க்கு அப்புறம்: எங்கள் ஞாயிறு கூடைப்பந்து லீக்

கம்பம்:

இங்கே ஒரு பள்ளி மைதானத்து சிமெண்ட் கோர்ட்டில் ஞாயிறு காலை ஆறரைக்கு முதல் விசில். மூன்று சீசன் முடித்துவிட்டோம். புதிதாக லீக் தொடங்க நினைப்பவர்களுக்கு உதவட்டும் என்று, முதல் சீசனில் எங்கே கோட்டை விட்டோம் என்பதை மூன்று ஊர்க்காரர்கள் ஆளுக்கொரு பகுதியாக எழுதுகிறோம்.

பெரியகுளத்தில் வருஷாவருஷம் நடக்கும் அகில இந்தியப் போட்டியைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். ஆசை அங்கிருந்து வந்தது, தப்பும் அங்கிருந்துதான் வந்தது. அதே மாதிரி நடத்தப் பார்த்தோம். டீமை அவரவரே சேர்த்துக்கொள்ளட்டும் என்று விட்டதில், காலேஜ் டீமில் ஆடிய ஐந்து பேர் ஒன்றாகச் சேர்ந்துகொண்டார்கள். இன்னொரு பக்கம் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப் டிரைவர் அண்ணன்கள். வாரம் முழுக்க விடியுமுன் மலை ஏறுகிறவர்கள், ஞாயிறு ஒன்றுதான் ஓய்வு. முதல் ஆட்டத்திலேயே 64-11. அடுத்த வாரமும் ஏறக்குறைய அதே கதை. மூன்றாவது வாரம் அவர்கள் வரவில்லை, போன் போட்டால் "வண்டி வேலை இருக்கு தம்பி" என்றார்கள். வண்டியெல்லாம் ஸ்டாண்டில்தான் நின்றது.

அதற்கப்புறம்தான் விதிப்புத்தகத்தை ஒழுங்காகப் படித்தோம். சர்வதேச விதிப்படி லீக் ஆட்டத்தில் ஜெயித்தால் 2 புள்ளி, தோற்றால் 1, வராமல் விட்டால் 0. தோற்றாலும் வந்து ஆடியவர்களுக்கு ஒரு புள்ளி உண்டு! இத்தனை நாள் நாங்கள் ஜெயித்தவர்களுக்கு மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தோம். இரண்டாவது சீசனிலிருந்து டீம் பிரிப்பதும் சீட்டுக் குலுக்கித்தான். காலேஜ் வரை ஆடியவர்கள் பெயர் ஒரு டப்பாவில், பள்ளியோடு நிறுத்தியவர்கள் ஒன்றில், புதியவர்கள் ஒன்றில், ஒவ்வொன்றிலிருந்தும் எல்லா டீமுக்கும் சமமாக. நண்பர்களைப் பிரிக்கிறீர்களே என்று சிலர் கோபித்துக்கொண்டார்கள். பரவாயில்லை, ஒரு மாதத்தில் சரியானார்கள்.

நேரம் இன்னொரு தலைவலி. முறைப்படி 10 நிமிடத்தில் நான்கு குவார்ட்டர், விசில் ஊதும்போதெல்லாம் கடிகாரமும் நிற்கும் என்பதால் ஒரு ஆட்டமே ஒன்றரை மணி நேரம் இழுத்துவிடும். எங்களிடம் இருப்பது ஒரே கோர்ட், மூன்று ஆட்டம், பத்து மணிக்கு மேல் சிமெண்ட் கொதிக்கும். அதனால் கடைசி 2 நிமிடம் தவிர கடிகாரத்தை நிறுத்துவதில்லை. பந்து ரப்பர் பந்தே வாங்குங்கள், தோல் பந்தை இந்தத் தரையில் இரண்டே மாதத்தில் தேய்த்துவிட்டோம்.

குமுளி:

நான் மலையிறங்கி வந்து ஆடுகிறவள். எங்கள் டீமில் பாதி மலையாளம், பாதி தமிழ், "இங்கோட்டு தா"வும் "இங்க குடு"வும் ஒரே மூச்சில் கேட்கும். ஆனால் முதல் சீசன் முழுக்க நான் எந்தப் பாஷையில் கேட்டாலும் பந்து வராது. ஓடுவேன், கை நீட்டுவேன், திரும்பி ஓடுவேன், அவ்வளவுதான்.

போன ஜூன் மாதச் சாரலில், லோயர் கேம்புக்கு மேலே ரோட்டில் மரம் விழுந்து எங்கள் ஆட்கள் மாட்டிக்கொண்டார்கள். முதல் பஸ்ஸில் வந்த மூன்று பேர் மட்டும் கோர்ட்டில் நிற்கிறோம். ஐந்து பேர் இல்லாமல் ஆட்டத்தைத் தொடங்க முடியாது, 15 நிமிடம் பார்த்துவிட்டு 20-0 என்று எதிர் டீமுக்குக் கொடுத்துவிடலாம். அவர்கள் அதைக் கேட்கவில்லை. சாக்கைப் போட்டு ஃப்ரீ த்ரோ கோட்டுப் பக்கம் தேங்கியிருந்த தண்ணீரைத் துடைத்துவிட்டு, அவர்களும் மூன்று பேராக இறங்கினார்கள். பாதி கோர்ட், 10 நிமிடம், அதற்குள் யார் 21 எடுத்தாலும் முடிந்தது. டோக்கியோ ஒலிம்பிக்கில் சேர்த்தார்களே, அந்த மூவர் ஆட்டம்தான். மூன்று பேர்தான் எனும்போது பந்து என்னிடம் வந்தே ஆகவேண்டும். அன்றைக்கு வளைவுக் கோட்டுக்கு வெளியே இருந்து இரண்டு போட்டேன். இப்போது ஐவர் ஆட்டத்திலும் எனக்குப் பந்து வருகிறது. மழை மாதங்களில் ஆள் குறைந்தால் ஆட்டத்தை ரத்து செய்யாதீர்கள், இப்படி ஆடுங்கள்.

லோயர் கேம்ப்:

அந்த 64-11 டீமில் நானும் ஒருவன். வண்டி வேலை என்று சொன்னதும் நான்தான், வேலை எதுவும் இல்லை. வீட்டில் பையன் "எத்தனைப்பா ஸ்கோரு?" என்று கேட்டதற்குப் பதில் சொல்ல முடியவில்லை, அதுதான் காரணம்.

குலுக்கலில் எங்கள் டீமுக்கு வந்த காலேஜ் தம்பி முதல் வாரமே என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ஓடிவந்து கூடைக்குப் பக்கத்தில் எழும்பிப் போடும் லே-அப் சொல்லிக் கொடுத்தார். வலது கால், இடது கால், எழும்பு, போர்டில் வரைந்த கட்டத்தின் மேல் மூலையில் பந்தைத் தட்டு. ஸ்டாண்டில் ஆள் ஏறுகிற நேரத்தில் பந்து இல்லாமலே அந்த இரண்டு எட்டையும் போட்டுப் பார்ப்பேன். 47 வயதில் எனக்கு முதல் கூடை விழுந்தபோது எதிர் டீமே கை தட்டியது, பையன் சுவரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆடாத டீம் நடுவர் வேலையும், ஸ்கோர் எழுதி நேரம் பார்க்கும் டேபிள் வேலையும் பார்க்க வேண்டும் என்ற ஏற்பாட்டை விட்டுவிடாதீர்கள். டிராவலிங் (பந்தைத் தட்டாமல் கூடுதல் காலடி வைக்கும் தப்பு) கொடுத்தால் சண்டைக்குப் போகிற ஆள் நான், விசிலை என் கையில் கொடுத்தபிறகுதான் அந்தக் காலடியை எண்ணுவது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்தது.

வருகிற ஞாயிறு டேபிள் எங்களுடையது. ஸ்கோர் ஷீட் தீர்ந்துவிட்டது, கம்பத்தில் இருப்பவர்கள் இருபது ஜெராக்ஸ் எடுத்து வாருங்கள்.