திங்கள் "ரத்து செய்", செவ்வாய் "உடனே வாங்கு": இந்த சாஃப்ட்வேர் சொல்வதை எப்படி எடுத்துக்கொள்வது?

கப்பலூர் ஸ்டோர்ஸ்:

கப்பலூர் சிட்கோ எஸ்டேட்டில் ரப்பர் பாகங்கள் செய்யும் ஒரு சின்ன கம்பெனியில் ஸ்டோர்ஸும் பர்ச்சேஸும் பார்க்கிறேன். புஷ், கிரொமெட், கேஸ்கெட், இந்த மாதிரி. 22 வருஷம் நீள நோட்டு ஒன்றில் கணக்குப் போட்டே ஓட்டினேன். இந்தத் தைக்கு அப்புறம் முதலாளி மகன் ஒரு பிளானிங் சாஃப்ட்வேர் போட்டார். எந்தச் சரக்கு, எப்போது, எவ்வளவு வேண்டும் என்று கணக்குப் போடுவது, அதற்குப் பெயர் எம்ஆர்பி என்றார்கள். எனக்குத் தெரிந்த எம்ஆர்பி பிஸ்கட் பாக்கெட் மேல் இருப்பது. சரி, அதை விடுங்கள்.

ராத்திரி 2 மணிக்கு அது தானாக ஓடும். காலையில் நான் டீ குடித்துவிட்டு உட்காரும்போது பட்டியல் தயாராக இருக்கும்: இதைப் புதிதாக வாங்கு, இதை முன்னால் இழு, இதைத் தள்ளிப்போடு, இதை ரத்து செய். நேற்று 183 வரி.

சிங்க் ஆக்ஸைடு கதையை மட்டும் சொல்கிறேன். வாரத்துக்கு சுமார் 2,000 கிலோ ரப்பர் அரைக்கிறோம். நூறு கிலோ ரப்பருக்கு ஐந்து கிலோ சிங்க் ஆக்ஸைடு, ஆக வாரம் 100 கிலோ, நான்கு மூட்டை. கையில் 180 கிலோ. எப்போதும் 100 கிலோ குறையாமல் இருக்கவேண்டும் என்று சேஃப்டி ஸ்டாக் வைத்திருக்கிறோம். வெள்ளிக்கிழமை வருவதற்கு 300 கிலோவுக்கு பிஓ (பர்ச்சேஸ் ஆர்டர்) போட்டிருந்தேன். திங்கள் காலையில் அதை ரத்து செய் என்றது. சின்னவர், "நீங்கள் யோசிக்கவேண்டாம், எல்லாவற்றையும் அக்செப்ட் கொடுங்கள்" என்றார். கொடுத்தேன். சப்ளையருக்கு போன் போட்டு மன்னிப்பும் கேட்டேன். செவ்வாய்க்கிழமை அதே சிங்க் ஆக்ஸைடு 300 கிலோவுக்குப் புது ஆர்டர் போடச் சொல்கிறது. ஆர்டர் போடவேண்டிய தேதி என்று காட்டியது போன வெள்ளிக்கிழமை! போன வெள்ளிக்கிழமைக்கு நான் எங்கே போக?

மெஷினைத் திட்ட இங்கே எழுதவில்லை. இது எதை வைத்துச் சொல்கிறது, நான் எதைக் கேட்கலாம், எதை விடலாம் என்று யாராவது புரியும்படி சொல்லுங்கள்.

விருதுநகர் பிளானர்:

அண்ணே, முதலில் தேதி விஷயம். வாரக் கடைசியில் உங்கள் கையிருப்பு 80 ஆகிவிடும், 100க்குக் கீழே. அதனால் இந்த வெள்ளிக்கிழமை சரக்கு வேண்டும். லீட் டைம் (ஆர்டர் போட்டதிலிருந்து சரக்கு வரும்வரை ஆகும் நாள்) 7 என்று யாரோ பதிந்திருப்பார்கள். வெள்ளியிலிருந்து ஏழு நாள் பின்னால் போனால் போன வெள்ளி. கணக்கு சரிதான். "நேரம் தாண்டிவிட்டது, ஆளைப் பிடித்துக் கேள்" என்பதைத்தான் அது அப்படிச் சொல்கிறது. அதற்கு வேறு மொழி தெரியாது.

இனி நிஜக் கேள்வி. திங்களும் செவ்வாயும் கையிருப்பு ஒன்றுதான் என்றால், மாறியது தேவை. ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் "இது எந்த ஆர்டருக்காக" என்று காட்டும் ஒரு திரை இருக்கும். ரத்து என்று வந்த வரியைத் திறந்து பாருங்கள். அங்கே ஒன்றுமே இல்லை என்றால் உங்கள் ஆர்டர்கள் ராத்திரியில் எங்கோ காணாமல் போயிருக்கின்றன.

இன்னொன்று: இந்த ரத்து, புதுசு கூத்து எந்தக் கிழமைகளில் நடக்கிறது?

பழைய நோட்டு:

22 வருஷம் ஓடிய நோட்டை விட்டுவிட்டு எதற்கு அண்ணே இந்த வேலை? எங்கள் ஆபீஸில் காலையில் ஒரே கிளிக்கில் எல்லாவற்றையும் அழித்துவிட்டு நிம்மதியாக இருக்கிறோம்.

கப்பலூர் ஸ்டோர்ஸ்:

பழைய நோட்டு தம்பிக்கு: நோட்டில் எனக்குத் தலைக்குள் இருந்தது 40 ஐட்டம். இப்போது 600க்கு மேல். போன வருஷம் எம்பிடிஎஸ் (ரப்பர் சீக்கிரம் வேகச் சேர்க்கும் மருந்து) தீர்ந்துபோய் மிக்ஸிங் மில் ஒன்றரை நாள் நின்றது, அது என் நோட்டு செய்த வேலை.

விருதுநகர் தம்பி, கிழமையைக் கேட்டீர்களே! நோட்டைப் புரட்டினேன் (சப்ளையருக்குப் போட்ட போன் எல்லாம் குறித்துவைப்பேன்). ஐந்து வாரமாக ரத்து எல்லாமே திங்கள். வரியைத் திறந்தால் நீங்கள் சொன்ன மாதிரி காலி.

விஷயம் இதுதான். எங்கள் பெரிய கஸ்டமர் வாரா வாரம் டெலிவரி ஷெட்யூல் அனுப்புவார், திங்கள் காலை 11 மணி வாக்கில் மெயில் வரும். மார்க்கெட்டிங் தம்பி பழைய ஷெட்யூலை சனிக்கிழமை சாயங்காலமே சுத்தமாக அழித்துவிட்டு வீட்டுக்குப் போகிறார், திங்கள் மதியம் புதிதை ஏற்றுகிறார். நடுவில் இரண்டு ராத்திரி ஓடுகிற கணக்குக்கு அந்தக் கஸ்டமரே கிடையாது. அப்புறம் 300 கிலோ எதற்கு என்று அது கேட்காமல் என்ன செய்யும்? அந்தத் தம்பியைச் சொல்லிக் குற்றமில்லை, "பழையதை அழித்துவிட்டு ஏற்று" என்றுதான் அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். இனி புதிது வந்த பிறகே பழையதை எடுப்பதாகப் பேசிவிட்டோம்.

ஆனால் இன்னும் நூற்றுக்கு மேல் வரி வருகிறது. பாதி "ஒரு நாள் முன்னால் இழு", "இரண்டு நாள் தள்ளு". எங்களுக்கு ஆர்எஸ்எஸ்-4 என்ற ரக ரப்பர் ஷீட் கோட்டயத்திலிருந்து குமுளி, தேனி, உசிலம்பட்டி வழியாக வாரம் ஒரு லாரி. ஒரு நாள் முன்னால் இழு என்றால் லாரி டிரைவர் சிரிப்பார்.

திருமங்கலம் மசாலா யூனிட்:

அண்ணா, நான் மூன்று வருஷமாக இதே பட்டியலோடு குடும்பம் நடத்துகிறேன். ஒரு நாள், இரண்டு நாள் மாற்றமெல்லாம் சொல்லவே வேண்டாம் என்று அதற்கு ஒரு வரம்பு கொடுக்கலாம், பெரும்பாலான சாஃப்ட்வேரில் அந்தக் கட்டம் உண்டு. வாரம் ஒரு லாரி என்றால் 5 நாள் கொடுத்துப் பாருங்கள். அளவுக்கும் அப்படியே, பத்து கிலோ கூடக் குறைய இருந்தால் வாயைத் திறக்காதே என்று சொல்லலாம். ரொம்பப் பெரிதாகவும் வைக்காதீர்கள், நிஜத் தட்டுப்பாடும் சேர்ந்து மறைந்துவிடும்.

பிறகு, பழைய ஆர்டர்களைப் பாருங்கள். எங்களுக்கு தினம் தினம் மிளகாய் வாங்கச் சொல்லி ஒரு வரி வந்துகொண்டே இருந்தது. தேடிப் பார்த்தால் பங்குனியில் போன ஒரு ஆர்டர். வேறு பில்லில் சரக்கு போய், பணமும் வந்துவிட்டது, ஆனால் ஆர்டரில் 12 பெட்டி பாக்கி என்று அப்படியே நிற்கிறது. அந்த 12 பெட்டிக்காக இரண்டு மாதம் மிளகாய் கேட்டிருக்கிறது பாவம். மூடினேன், போய்விட்டது.

விடுமுறை காலண்டர் யார் போட்டது என்றும் கேளுங்கள். எங்களுக்குப் போட்டுக்கொடுத்தவர்கள் வெளியூர்க்காரர்கள். பொங்கலுக்கு ஒரு நாள் லீவு போட்டிருந்தார்கள், அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் மூன்று லோடு வருவதாகக் காட்டியது. அன்றைக்கு இறக்க ஆள் வருமா, மதுரைக்குள் லாரி நுழையுமா?

கப்பலூர் ஸ்டோர்ஸ்:

அம்மா, காலண்டரைப் பார்த்தேன். எங்களுக்கும் அதே கதை, சித்திரைத் திருவிழா முழுக்க வேலை நாள்.

கடைசியாக ஒன்று. காம்பவுண்ட் (ரப்பரோடு மருந்தெல்லாம் சேர்த்த கலவை) அரைக்கச் சொல்லும் வரியில் நான்கு வாரத் தேவையைச் சேர்த்து ஒரே தடவையில் அரை என்கிறது. சின்னவருக்குப் பிடித்திருக்கிறது, மில்லை அடிக்கடி கழுவவேண்டாம் என்று. ஆனால் கந்தகமும் ஆக்சிலரேட்டரும் (எம்பிடிஎஸ் மாதிரி மருந்து) போட்டு முடித்த காம்பவுண்டை அக்னி நட்சத்திர வெயிலில் நான்கு வாரம் வைத்தால் பிரஸ்ஸுக்குப் போகும் முன்னே தானாக வேக ஆரம்பித்துவிடும். ஓரத்தை நகத்தால் அழுத்தினால் மாவு மாதிரி குழி விழவேண்டும். குழி விழாமல் துள்ளினால் குப்பைதான்.

விருதுநகர் பிளானர்:

எத்தனை நாள் தேவையைச் சேர்க்கலாம் என்பதும் ஒரு கட்டம்தான் அண்ணே, 28 என்று யாரோ போட்டிருப்பார்கள். அந்தக் குழி விஷயம் உங்கள் விரலுக்குத் தெரியும், அதற்குத் தெரியாது. நீங்கள் ஒரு எண் கொடுங்கள்.

கப்பலூர் ஸ்டோர்ஸ்:

28தான் இருந்தது. சித்திரை, வைகாசிக்கு 3 என்றும் மார்கழிக்கு 7 என்றும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். சின்னவர் இரண்டாக வைக்க முடியாது, ஒரே எண்தான் என்கிறார். அப்படியானால் 3. ஷீட் லீட் டைமையும் மாசி, பங்குனிக்கு மாற்றவேண்டும். இலை உதிர்ந்து பால் குறையும் மாதம், கோட்டயத்தில் சரக்கே இருக்காது. அதற்கு நோட்டில் ஒரு குறிப்பு வைத்திருக்கிறேன், தை கடைசியில் நானே கையால் மாற்றிக்கொள்வேன்.

இன்று காலை 61 வரி. மேலிருந்து ஒவ்வொன்றாகத் திறந்து யாருக்காக என்று பார்த்தேன், டீ ஆறிவிட்டது. கந்தகம் ஒரு மூட்டை கூடுதலாகக் கேட்கிறது. ஆர்டர் நிஜம், தேதி சரி. கையிருப்பு 50 கிலோ என்கிறது, ஆனால் நேற்று சாயங்காலம் ரேக் பக்கம் போனபோது மூன்று மூட்டை பார்த்த ஞாபகம். சனிக்கிழமை வந்த சரக்குக்கு ஜிஆர்என் (சரக்கு வந்த வரவுப் பதிவு) போடாமல் விட்டோமா என்று ஒரு சந்தேகம். எண்ணிவிட்டு வருகிறேன்.